நானூறு மீட்டர்

அமலோற்பவம் அக்காவின் வாடகை வீட்டுக்கும் அவர் கணவர் இன்னாசிமுத்து தங்கியிருந்த ஆண்கள் விடுதிக்கும் இடையே நானூறு மீட்டர்தான் தூரம். இரண்டும் பாறைக்கொட்டாயில் ஒரே வார்டு. ஒரே ரேஷன் கடை, ஒரே சந்தை, ஒரே கிளை நூலகம். ஏழு மாதமாக அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒருவர் அங்கே இருப்பது இன்னொருவருக்குத் தெரியவும் இல்லை. இவ்வளவு சின்ன ஊரில் அது தானாக நடக்காது. யாராவது கூடவே இருந்து வேலை பார்த்தால்தான் நடக்கும்.

கடல் மூன்றாவது முறை உள்ளே வந்து திரும்பிப் போகாமல் தங்கிவிட்டது. நாகைக் கரையின் ஜனங்களைப் பேருந்துகளில் ஏற்றி மேட்டு நிலத்து ஊர்களில் இறக்கினார்கள். எங்கள் ஊர் மலையடிவாரம். ராகி, புளி, மாங்காய். ஊரில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததில்லை. வந்தவர்களுக்கு ஒரே நாளில் 'கரைக்காரங்க' என்று பெயர் வைத்தார்கள். வீடு கேட்டால் மட்டும், நேற்றுதான் ஆள் வந்துவிட்டது என்றார்கள்.

அவர்களை யாரும் எழுந்து போகச் சொல்லாத ஒரே கட்டடம் நூலகம். மின்விசிறி, குடிதண்ணீர், பூட்டாத கழிப்பறை. பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம் அங்கேதான் நிரப்பினார்கள். ஆள் தேவை விளம்பரங்களை அங்கேதான் வெட்டி ஒட்டினோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் நூலகர் கோமளவல்லி வகுப்பு எடுத்தார். உறுப்பினர் அட்டைதான் பலருக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் முகவரிச் சான்று. நான் அங்கே தினக்கூலி உதவியாளன். கல்லூரியை இரண்டாம் வருடம் விட்டேன். அதற்குப் பிறகு பார்த்த இரவு வேலையையும் விட்டேன். நூலகத்தை விடாததற்கு மதிய வேலை என்பதுதான் காரணம். சேவை மனப்பான்மை எல்லாம் கோமளா மேடத்துக்கு.

அட்டையோடு கைகாட்டி என்ற காதுக் கருவி ஒன்றையும் இரவல் கொடுப்போம். புளியங்கொட்டை அளவு. காதுக்குள் பொருந்திக்கொள்ளும். குடியமர்த்தும் வாரியம் அதை வந்தவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வருடம் எங்கள் ஊர்க்காரர்கள் நூலகத்தில் உட்கார்ந்து அதனிடம் பேசினார்கள். எந்தக் கடையில் கடன் கேட்கலாம், எந்த வீட்டு நாய் கடிக்கும், பங்காளிச் சண்டை எந்தத் தெருவில், யாரை அண்ணா என்று கூப்பிட்டால் கோபம் வரும், எல்லாம். அது ஊரை மொத்தமாகக் குடித்துவிட்டது. பிறகு வந்தவர்களின் காதில் ஊர்க் குரலிலேயே பேசியது. ஊர்க் குரல் என்றால் யாருடைய குரலும் இல்லை. ஆனால் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

அமலோற்பவம் அக்கா வந்த புதிதில் எங்கள் தெரு முனைக் கடையில் களி வாங்கி வைத்துக்கொண்டு மென்று பார்த்தார். மென்ற களி பல்லில் ஒட்டிக்கொண்டு போராடியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். அக்கா காதைத் தொட்டார், நிமிர்ந்தார், ஒரு உருண்டையை உருட்டிக் கீரையில் தோய்த்து மெல்லாமல் விழுங்கினார்.

"அடப் பார்றா," என்றார் கடைக்காரர். "கரைக்காரம்மா நம்ம ஊட்டுப் பொண்ணு மாதிரி முழுங்குது."

மறுவாரமே அந்தக் கடைக்காரரின் மச்சான் அவருக்கு வீடு கொடுத்தார். புளிக் குடோனில் கொட்டை எடுக்கும் வேலையும் கிடைத்தது. கைகாட்டி அப்படித்தான் வேலை செய்தது. நாலு வருடத்தில் நடப்பதை நாலு மாதத்தில் நடத்தியது. வந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதை வைத்து வாரியம் ஒவ்வொரு கிளைக்கும் மதிப்பெண் போட்டது. மாவட்டத்தில் எங்கள் கிளை முதலிடம்.

என் திருட்டுத்தனம் வேறு. நூலக வாசலில் வருகைப் பதிவேடு இருக்கும். வருகிறவர்கள் பெயர் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு பேர் வராவிட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். நூறு பேர் வரமாட்டார்கள். எனவே சாயங்காலம் மூடுவதற்கு முன்னால் நான் உட்கார்ந்து, நாலு பேனா மாற்றி, மதியம் வரும் உறுப்பினர்களின் பெயர்களாக எழுதித் தள்ளுவேன். கிளை நூலகத்தில் வேலை பார்த்த யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஐப்பசி மாதம் ஒரு மதியம் அக்கா என் மேசைக்கு வந்தார். காதில் இருந்ததைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு குனிந்து பேசினார்.

"தம்பி, ஒரு ஒதவி. இந்த நோட்டுல இன்னாசிமுத்துன்னு யாராச்சும் கையெழுத்துப் போட்டிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு. பஸ்சுல ஏத்துறப்ப அவரு ஒரு வண்டி, நான் ஒரு வண்டியாப் போச்சு."

"கைகாட்டியக் கேக்கலாமேக்கா?"

"அது சொல்லாது. நீங்க பாருங்க."

பதிவேட்டைத் திறந்தால் அக்கா வராத நாட்களில் அக்காவின் பெயரே என் கையெழுத்தில் இருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியும். நான் பதிவேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"தினமும் நான்தானக்கா இதப் பாக்குறேன். அப்படி யாரும் இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

அவர் முகத்தில் ஏதோ இறங்கியது. நான் அதை ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன். "சரி தம்பி. இல்லன்னா சரி," என்று சொல்லிவிட்டு, வார இதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

உறுத்தியது என்று சொல்ல மாட்டேன். அரித்தது. அன்று மூடும்போது பதிவேட்டைப் புரட்டினேன். காலைப் பக்கங்களை நான் பார்ப்பதே கிடையாது. அந்த நேரம் கோமளா மேடத்துடையது. அங்கே தினமும் பத்து மணிக்கு, பேனாவை ஆணி மாதிரி அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக நட்டு வைத்த மாதிரி ஒரு பெயர். இ ன் னா சி மு த் து. ஆனியிலிருந்து ஒரு நாள் விடாமல். அந்தக் கையெழுத்தை என்னால் போலியாகப் போட முடியாது. அது அப்போதுதான் எழுதக் கற்றவனின் கை.

மறுநாள் காலையிலேயே போனேன். செய்தித்தாள் மேசையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஐந்தாறு பெரியவர்கள், ஆளுக்கொரு தாள், எல்லாரும் ஒரே சமயத்தில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் பதியும் என்பது கோமளா மேடத்தின் கொள்கை. முதல் மாணவன் மாதிரி அதிகச் சத்தம் போட்டவருக்கு ஐம்பது வயது இருக்கும். உப்புக் காற்றில் வெந்த முகம்.

"வா... னி... லை," என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பேப்பர்ல கடலப் பத்தி எழுதவே மாட்டேங்குறான் தம்பி. மழை, வெயிலு, மாம்பழம். கடலு செத்துப்போச்சா?"

"நீங்க இன்னாசிமுத்து அண்ணனா?"

"ஆமா. ஏன், எதுவும் சேதி வந்திருக்கா?" அரைவாசி எழுந்துவிட்டார். "எம் பொண்சாதியத் தேடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். அமலோற்பவம். காதுல இருக்குதே, இந்தக் கொட்டை, இதுகிட்டயும் கேட்டேன். பதிவுல தேடிக்கிட்டு இருக்கேன்னுது. ஏழு மாசமாத் தேடுது. நானா இருந்தா இத்தன நேரம் வங்காள விரிகுடாவையே சலிச்சிருப்பேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் காதில் அது இருந்தது. நான் உள்ளே போனேன்.

கோமளா மேடம் தன் அறையில் கிழிந்த அட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டையும் யாராவது கரைக்காரப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு டீ குடிப்பார்.

"தெரியுமா மேடம் உங்களுக்கு?" என்றேன்.

யாரைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஊரின் வரைபடம். அதில் ஒரு மாதத்து நடமாட்டம், இரண்டு கோடுகள். ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. எங்கள் சின்ன ஊரின் எல்லாத் தெருக்களிலும் இரண்டும் ஓடின. ஒரே இடத்துக்குப் போயின. ஒரே நேரத்தில் எங்கேயும் இல்லை.

"அவரு பத்து மணிக்கு வருவாரு, அந்தம்மா மூணு மணிக்கு," என்றார். "ரேஷனுக்கு அந்தம்மா செவ்வாய், அவரு வெள்ளி. அதுதான் சொல்லி அனுப்புது. இன்னிக்குக் கூட்டமா இருக்கும், நாளைக்குப் போங்கன்னு."

"ஏன்?"

"அது என்கிட்ட ஏன்னு சொல்லாது. சேத்து வைக்கணும்னா சேத்து வைக்கும். போன மாசம் ரெண்டு அண்ணன் தம்பிய அதுதான் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சுச்சு. இவங்கள வைக்கல."

"மதிப்பெண்ணுக்காகத்தான மேடம்? அந்தாளு கடல் கடல்னு இருக்காரு. சேந்தா ரெண்டு பேரும் திரும்பிப் போயிடுவாங்க. பிரிச்சு வெச்சா ஒண்ணாவது தங்கும்."

"இருக்கலாம்." அவர் என்னை நேராகப் பார்த்தார். "நம்ம கிளையில இருந்து இதுவரைக்கும் முப்பத்தோரு பேரு திரும்பிக் கரைக்குப் போயிருக்காங்க பூபதி. ஒன்பது பேரு உசுரோட இல்ல. அங்க கடல் வர்றதுக்கு முன்னாடி சத்தம்கூடப் போடறதில்லையாம். இத மதிப்பெண்ணுன்னு சொல்லு, வேற என்ன வேணா சொல்லு."

"அதுக்காகப் புருஷன் பொண்டாட்டிய..."

"ஒரு வாசகரப் பத்தி இன்னொரு வாசகர்கிட்ட நாம சொல்றதில்ல. யாரு என்ன புத்தகம் எடுத்தாங்கன்னுகூட. இந்தக் கொட்டை வர்றதுக்கு முன்னாடியே இருந்த வழக்கம் அது. உனக்கும் அதேதான்." மறுபடி பசையைத் தொட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தையில் அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

கருவாட்டுக் கடை எங்கள் சந்தைக்குப் புதிது. கரைக்காரர்கள் வந்த பிறகு முளைத்தது. அக்கா பையோடு அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம், வெற்றிலைக் கடைகளுக்கு அந்தாண்டை, இன்னாசிமுத்து ஒரு ஆளோடு பேசிக்கொண்டே வந்தார். விடுதியில் சந்தை நாளன்று வேலை என்று கைகாட்டி அவருக்குச் சொல்லியிருக்கும். அவர் கேட்கவில்லை போலிருக்கிறது. நடுவில் பத்துப் பதினைந்தடி. ஒரு தார்ப்பாய் மட்டும் மறைத்துக்கொண்டிருந்தது.

அக்கா நின்றார். காதைத் தொட்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மாவு மில் சந்துக்குள் திரும்பினார். அந்தச் சந்தில் கடை ஏதும் இல்லை. குப்பைத் தொட்டியும் முட்டுச்சுவரும்தான். அங்கே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே அதே நொடியில் இன்னாசிமுத்துவும் காதைத் தொட்டார். "அப்படியா?" என்று காற்றிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போனார். ஐந்து நிமிடம் கழித்து அக்கா வெளியே வந்து கருவாடு வாங்கினார். கடைக்காரன் ஏதோ கேலி சொல்ல, சிரிக்கவும் செய்தார்.

சந்தை இரைச்சலாகத்தான் இருந்தது. அங்கே நடந்த இருநூறு பேரில் எத்தனை பேர் காதில் அது இருக்கிறது, யார் யாரை நோக்கிப் போகாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். பார்த்து முடியவில்லை.

எனக்கு நல்லது செய்யும் பழக்கம் கிடையாது. ஆனால் ஏழு மாதம் ஒரு மனுஷன் பதிவில் தேடச் சொல்லிக் காத்திருப்பதும், என் கையால் மூடிய நோட்டும் சேர்ந்து என்னை விரட்டின. அவரிடம் வாயால் சொல்ல முடியாது. காதில் இருப்பது கேட்கும். எழுதினால் அதற்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலையில் ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்துகளில் எழுதினேன். "உங்கள் மனைவி இந்த ஊரில்தான் இருக்கிறார். தொட்டித் தெரு, பதினான்காம் எண். காதில் இருப்பதைக் கழற்றிவிட்டுப் போங்கள்." அதைச் செய்தித்தாளுக்குள் வைத்து, அவர் முன்னால் போட்டுவிட்டு, இரண்டு மேசை தள்ளி நின்றுகொண்டேன்.

அவர் தாளைப் பிரித்தார். துண்டைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஐந்து மாதமாகப் பழகியபடி, விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து, கணீரென்று படிக்க ஆரம்பித்தார்.

"உங்... கள்... மனை... வி..."

நான் கையை ஆட்டினேன். வாயைப் பொத்திக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த வாசிப்பைத் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்திலிருந்த கிழவர்கள் தங்கள் பாடத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். "தொட்... டித்... தெரு." அவர் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசிச் சொல் வரைக்கும் படித்தார். படித்து முடித்த பிறகுதான் புரிந்துகொண்டார். காதிலிருந்ததைப் பிடுங்கி மேசையில் எறிந்தார். செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அப்புறம் செருப்புக்காகத் திரும்பி வந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார்.

மேசையில் கிடந்த கைகாட்டி கீச்சிட்டது. எடுத்துக் காதருகே வைத்தேன்.

"பூபதி," என்றது. என் பெரியப்பா கூப்பிடுவது மாதிரி இருந்தது. "எந்தப் பக்கம் போறாரு அவரு?"

நான் வாசலைப் பார்த்தேன்.

"மெயின் ரோடா, கோயில் சந்தா? சொல்லு சாமி. நேரமில்ல."

அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். உள்ளிருந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது. கோமளா மேடம் தன் அறைக் கதவில் வந்து நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இன்னாசிமுத்துவின் செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, கிழவர்களிடம், "படிங்கப்பா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார்.

அன்று மதியமும் மறுநாளும் நான் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன். மறைக்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா வந்தார். சேலையை இழுத்துச் செருகி, கையில் கட்டைப்பை. மேசையில் உறுப்பினர் அட்டையை வைத்தார். கைகாட்டியை அதன் மேல் வைத்தார்.

"திருப்பிக் குடுக்க வந்தேன் தம்பி. எங்க கையெழுத்துப் போடணும்?"

"ஏன்க்கா? அண்ணன் வந்தாருல்ல?"

"வந்தாரு. நீங்கதான எழுதிக் குடுத்தது? பெருமையாச் சொன்னாரு." எதிரில் உட்கார்ந்தார். கோபம் ஏதும் இல்லை. மூட்டை தூக்கி வந்தவர் இறக்கி வைத்த களைப்புதான். "இன்னிக்குக் கெளம்புறோம். ஊருக்கு."

"எந்த ஊருக்கு?"

"எங்க ஊரு எத்தன இருக்கு?"

"அது தண்ணிக்குள்ள கெடக்குக்கா."

"மாதா கோயில் மேடு தெரியுதாம். படகு ரெண்டு கெடக்காம். யாரோ சொன்னாங்களாம் அவருக்கு." கைகாட்டியை ஒரு விரலால் தள்ளி நேராக வைத்தார். "தம்பி, ரெண்டாவது தடவ கடல் வந்தப்ப நாங்க மேட்டுல முகாம்லதான் இருந்தோம். நல்லாத்தான் இருந்தோம். வா, வலையெல்லாம் கெடக்குது, ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்னாரு. போனோம். மூணாவது தடவ வந்துச்சு. எம் மகளுக்கு ஒம்போது வயசு."

நான் அட்டையில் இருந்த அவர் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத மொத நாளு காதுல வெச்சதும், ரெண்டு கேள்வி கேட்டுச்சு. இந்த ஊருல நீ யாரப் பாக்கணும்னுச்சு. யாரும் இல்லன்னேன். யாரப் பாக்க வேணாம்னுச்சு. அவரு பேரச் சொன்னேன்."

"நீங்களா?"

"பின்ன? அதுக்கென்ன எங்க மேல வன்மமா? ஏன்னுகூடக் கேக்கல. சரிம்மான்னுச்சு. அதுபாட்டுக்குப் பாத்துக்கிச்சு."

"அப்ப அன்னிக்கு என்கிட்ட நோட்டுல பேரு இருக்கான்னு கேட்டது..."

"இருக்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா வேற ஊரு மாத்திக் கேட்டிருப்பேன். அதுகிட்ட கேட்டா அவரு சேதிய என்கிட்ட சொல்லாது. நீங்க இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொன்னீங்க. நிம்மதியாப் போச்சு. வீட்டுக்கு அடுத்த வருசத்துக்கும் அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

வெளியே ஏதோ வண்டி நின்று கிளம்பியது. என் கை தானாகப் பதிவேட்டின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. எடுத்துக்கொண்டேன்.

"போக மாட்டேன்னு சொல்லுங்கக்கா. நான் வந்து சொல்றேன் அவர்கிட்ட. மேடமும் வருவாங்க."

"அவரு கெட்டவரு இல்ல தம்பி. கை நீட்டினதில்ல, குடிச்சதில்ல. இருந்திருந்தா சுளுவா இருந்திருக்கும்." சிரிக்கப் பார்த்தார். "எனக்கு அவரு மொகத்தப் பாத்துட்டு இல்லன்னு சொல்ல வராது. இருவத்தி மூணு வருசமா வரல. அதுக்குத்தான் எனக்குப் பதிலா இதச் சொல்லச் சொன்னேன்."

"வியாழக்கிழமை இது உங்களுக்குச் சொல்லலயா?"

"சொல்லுச்சே. குடோன்ல இருந்தேன். வீட்டுக்குப் போகாத, லைப்ரரிக்குப் போ, வண்டி வரச் சொல்லியிருக்கேன், வேற ஊருல எறக்கிவிட்டுரும்னுச்சு. அவரான்னு கேட்டேன். பேசாம இருந்துச்சு. அது பேசாம இருந்ததே எனக்குப் போதுமா இருந்துச்சு. வண்டிக்குத்தான் நடந்தேன் தம்பி. சத்தியமா. சும்மா தெருமுனையில நின்னு ஒரு வாட்டி எட்டிப் பாத்துட்டுப் போயிரலாம்னு. வாசப்படியில உக்காந்திருந்தாரு. செருப்பக் கையில வெச்சுக்கிட்டு. சட்டை தொளதொளன்னு, பாதி ஆளாயிட்டாரு." முந்தானையால் மேசையின் ஓரத்தைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை. "அவ்வளவுதான். அவருகிட்ட போயிட்டேன்."

பேனாவை எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. திருப்பிக் கொடுத்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எழுந்தார். பையை எடுத்தார். அப்புறம் ஏதோ விலை விசாரிக்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தம்பி?"

அவர் போய்க் கால்மணி நேரம் கழித்துத்தான் எனக்குக் கால் வந்தது. பேருந்து நிலையம் வரை ஓடினேன். தலையில் ஏதோ பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். முப்பத்தோரு பேர், ஒன்பது பேர், ஐப்பசி இன்னும் முடியவில்லை, கரையை அடைத்துப் போட்ட வேலிக்கு அப்பால் இருபது கிலோமீட்டர் உப்புச் சேற்றில் நடக்க வேண்டும், இப்படி. கிழக்கே போகும் பேருந்து இன்ஜினை இயக்கிக்கொண்டு நின்றது. அக்கா ஏற்கெனவே ஏறியிருந்தார். எனக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலோரம். தலையின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

இன்னாசிமுத்து கீழே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். புதுச் சட்டை. சவரம் செய்த முகத்தில் பிளேடு கீறல்.

"நானே வந்து பாக்கணும்னு இருந்தேன், நேரமில்லாமப் போச்சு," என்றார். "அண்ணன் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கூடப் பொறந்தவன்கூட இதச் செய்ய மாட்டான். அந்தக் கொட்டைய நம்பியிருந்தா நான் இஞ்சயே பேப்பர் படிச்சுச் செத்திருப்பேன். நீங்க ஒரு துண்டுக் கடுதாசியில உசுரக் குடுத்துட்டீங்க."

"அண்ணே, கொஞ்ச நாளு இங்கயே இருங்க. மழையெல்லாம் விடட்டும்."

"இருக்கலாம். அவளும் 'நீங்க சொன்னா சரி'ங்குறா. அவ எதுக்குத்தான் சரிங்கல?" சத்தமாகச் சிரித்தார். "கரைக்கு ஒருக்கா வாங்க தம்பி. தேதி மட்டும் சொல்லுங்க. அவ கையால கொடுவா மீன் கொழம்பு சாப்பிடணும் நீங்க. இந்தக் களியத் தின்னு நாக்கு செத்துப்போயிருக்கும்."

அவர் பிடித்திருந்த கைகளை என்னால் உருவ முடியவில்லை. முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் நேரில் பார்த்ததில்லை. தயாரித்து வைத்திருந்ததில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

"வர்றேண்ணே," என்றேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். இன்னாசிமுத்து ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டார். உள்ளே நின்றபடியே டிக்கெட் கருவியைத் திருப்பிக்கொண்டு கண்டக்டர் கேட்டார்.

"எத்தினி?"

"ரெண்டு," என்றார் அவர்.